சாவி ஃபுசாயேவிடம்

அத்தியாயம் பதினொன்று

அடுப்படிச் சுவரில் கரி இன்னும் போகவில்லை. ஃபுசாயே மூன்று முறை தேய்த்துப் பார்த்துவிட்டாள். சோப்பு, சோடா உப்பு, கடைசியில் கணவரின் பழைய பல் பிரஷ். சுவர் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வந்து, அதோடு நின்றுகொண்டது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஏழாம் தேதி காலை அவள் கணவர் ஷிகேயோஷி அடுப்பில் மீனை வைத்தார். ஏழாம் தேதி என்றால் ஸ்லாட் சூதாட்டக் கூடத்துக்காரன் மனம் இளகி நல்ல மெஷின்களை வைப்பான் என்பது கிர்யூ ஊர் ஆண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. கூடத்து வாசலில் நிற்கும் ஒன்பது மணி வரிசை ஞாபகம் வந்தது, மீன் மறந்து போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே கையை விட்டு காஸை மூடியிருக்காவிட்டால் இந்த வாரம் கதை நடக்க வீடே இருந்திருக்காது.

அன்று மாலை ஷிகேயோஷி, தன் தாயாரின் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றி, இனி கூடத்து வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது இதே சத்தியத்தை மூன்று முறை கேட்டவர். போய்ச் சேர்ந்த பிறகு இது நான்காவது.

அந்தச் சத்தியத்தை நம்பி ஃபுசாயே ஊரைவிட்டுப் போக முடியுமா? அதுதான் இன்றைய கேள்வி.

ஏனென்றால் அவள் போக விரும்பினாள். சூப்பர் மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷம் கொதிக்கிற எண்ணெய்க்கு முன் நின்று இறால் பொரித்துவிட்டு மார்ச்சில் ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று சொன்னார்களே தவிர, வந்தது ஓய்வில்லை. மூன்று வேளை சமையல், இரண்டு வேளை தேநீர், நடுநடுவே "என் கண்ணாடி எங்க?" இப்போது குசாட்சு வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு விடுதியில் சமையலறை வேலை வந்திருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து பனி விழும் வரை. அங்கேயே தங்கல். தனி அறை, ஆறு பாய் விரிக்கிற அகலம், ஜன்னல் மலையைப் பார்த்து.

அறுபத்து நான்கு வயதில் அவளுக்கென்று ஓர் அறை இதுவரை இருந்ததில்லை. வேலையைவிட அந்த அறைதான் அவளை இழுத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்குள் வருகிறேனா, வரவில்லையா என்று விடுதிக்குப் போனில் சொல்லியாக வேண்டும்.

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று மகள் கோசுயே பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் முறிந்து மூன்று வருஷமாக அவளும் இங்கேதான். ஆனால் பல் ஆஸ்பத்திரியில் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் இரவு ஏழு. நடுவில் இந்த மனிதர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினால் யார் பார்ப்பது?

யோசனை கோசுயேவுடையது. கூடத்துக்கு அப்பா போகக் கூடாதென்றால், கூடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டியதுதானே.

வியாழக்கிழமை பல் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. காலையிலேயே அம்மாவும் மகளும் சின்ன வேனில் வதராசே ஆற்றைத் தாண்டினார்கள்.

* * *

கடை பழைய நெல் கிடங்கு மாதிரி நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் மின்சாரம் அணைத்து வைத்த ஸ்லாட் மெஷின்கள். கூடங்களில் இரண்டு மூன்று வருஷம் ஓடி முடிந்ததும் இங்கே வந்து நிற்கும். வீட்டில் வைத்து விளையாடிக்கொள்ளலாம், காசு கிடையாது, வெறும் உலோக வில்லைகள்தான்.

கடைக்காரர் நெகிஷி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"யாருக்கு அக்கா, வீட்டுக்காரருக்கா?"

"ஆமா."

"கூடத்துக்குப் போறத நிறுத்தவா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள் கோசுயே.

"வாங்கறதுல பாதிப் பேர் பொண்டாட்டிங்கதான்மா."

"மீதிப் பேர்?"

"அவங்க திருப்பிக் கொண்டுவந்து போடறத மலிவா எடுத்துட்டுப் போறவங்க."

கோசுயே சிரித்தாள். ஃபுசாயேவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. முழங்கால் வலித்தது. மெஷின்களிலிருந்து வந்த நாற்றம் வேறு. பழைய சிகரெட் புகை, உலோகம், பல பேர் கை வேர்வை. முப்பத்தெட்டு வருஷமாகத் தினமும் துவைக்கப் போட்ட சட்டைகளில் அவள் முகர்ந்த அதே நாற்றம்.

"அப்பாவுக்குப் பிடிச்சது இதுதான்" என்று கோசுயே ஒன்றைக் காட்டினாள். முகப்பில் சிவப்புத் தங்கமீன் வரைந்திருந்தது. "நான் ஹைஸ்கூல் படிக்கறப்ப இதப் பத்தியே பேசிட்டிருப்பாரு."

"நல்ல ஓட்டம். இருபத்தாறாயிரம் யென்" என்றார் நெகிஷி. "வில்லை இல்லாம விளையாடற மாதிரியும் மாத்தித் தரேன். சத்தம் குறையும்."

"வேணாம். வில்லை கையில புரளாட்டி அவருக்கு விளையாடின மாதிரியே இருக்காது" என்றாள் ஃபுசாயே. இந்தப் பாழாய்ப்போன விஷயத்தில் தனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கே அலுப்பாக இருந்தது.

நெகிஷி மெஷினின் கதவைத் திறந்து உள்ளே காட்டினார். ஒரு வளையத்தில் இரண்டு சாவி. ஒன்று கதவுக்கு. இன்னொன்று உள்ளே இருக்கும் சின்னத் துவாரத்துக்கு.

"இதுதான் அக்கா உயிர்நாடி. செட்டிங் சாவி. இதத் திருகிட்டுப் பொத்தான அழுத்தினா ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எண் மாறும். ஒண்ணுன்னா கொடுக்காது. ஆறுன்னா வாரிக் கொடுக்கும். ஆறுக்கப்புறம் திரும்ப ஒண்ணு. கூடத்துல கடை சாத்தினதும் மேனேஜர் மாத்திடுவாரு. எந்த மெஷின்ல என்ன எண்ணுன்னு விளையாடறவனுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுல உங்களுக்கு அந்தக் கவலையில்ல. சாவி பத்திரம், எங்கிட்ட வேற கிடையாது."

முப்பத்தாறு கிலோ. மூன்று பேரும் சேர்ந்துதான் வேனில் ஏற்றினார்கள். ஃபுசாயே பின்னால் உட்கார்ந்து, திருப்பங்களில் அது சாயாமல் இருக்கக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

* * *

"ஃபிரிட்ஜா?" என்றார் ஷிகேயோஷி வாசலில் நின்று.

கோசுயே மெஷினின் மேல் இருந்த போர்வையை விலக்கினாள். சிட்டி பஸ் ஓட்டி ரிட்டயரான மனிதர், அறுபத்தெட்டு வயது. மெதுவாகக் குனிந்து தங்கமீனின் மேல் விரலை வைத்தார்.

"இத எங்க புடிச்சீங்க?"

"உங்களுக்குத்தான்பா" என்றாள் கோசுயே. "இனிமே வரிசையில நிக்க வேணாம், வீட்டுலயே ஆடுங்க."

பாயின் மேல் வைத்தால் பாய் அமுங்கிப்போகும் என்று பலகை போட்டு, சாமி மேடை இருந்த அறையிலேயே நிறுத்தினார்கள். அங்கேதான் மின்சார இணைப்பு தோதாக இருந்தது. சத்தியம் வாங்கிய தாயாரின் படத்துக்கு நேர் எதிரே தங்கமீன். ஃபுசாயே ஈரத்துணியால் மெஷினைத் துடைத்தாள். துணி தேநீர் நிறமாயிற்று.

சாவியைப் பற்றிச் சொன்னதும் ஷிகேயோஷியின் கண் விரிந்தது.

"செட்டிங் சாவியா? என் கையிலயா?"

நாற்பது வருஷமாக வரிசையில் நின்ற எந்த மனிதனும் தொட்டுப் பார்த்திராத சாவி. உடனே திறந்து, திருகி, ஆறில் வைத்தார். உட்கார்ந்தார். பிடியைத் தட்டினார், மூன்று பொத்தானையும் அழுத்தினார். பத்து நிமிஷத்தில் தங்கமீன் வரிசையாக வந்து நின்று விளக்குகள் பளபளத்தன. வில்லைகள் தட்டில் கொட்டின.

"பாத்தியா" என்றார் மகளிடம். "பாத்தியா, பாத்தியா."

ஃபுசாயே அடுப்படியில் பட்டை நூடுல்ஸை வேகவைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மலை பார்த்த ஜன்னல் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்கு மறுபடி தங்கமீன் வந்தது. பன்னிரண்டுக்கு மறுபடி. இரண்டு பாத்திரம் நிறைந்து, மூன்றாவதற்குக் கோசுயே வாளி கொண்டுவந்தாள். இப்போது அவர் "பாத்தியா" என்று சொல்லவில்லை.

சாப்பிடும்போது நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா, நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"மெஷினக் கேட்டேன்."

"ஆறுன்னு தெரிஞ்சு ஆடறது என்னடி ஆட்டம்? பதில் எழுதி வெச்சிருக்கற பரீட்சை மாதிரி." கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஒண்ணுல வெச்சுப் பாத்தேன். அது அதவிட மோசம். வராதுன்னு தெரிஞ்சே எவன் உக்காருவான்?"

ஒரு மணிக்கு மெஷினின் சத்தம் நின்றது. ஃபுசாயே பாத்திரம் துலக்குவதை நிறுத்திக் காது கொடுத்தாள். கதவுப் பக்கம் செருப்பு வைக்கும் இடத்தில் ஏதோ உராய்ந்தது.

எட்டிப் பார்த்தாள். ஷிகேயோஷி தொப்பியோடு உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"சும்மா, காலாற நடந்துட்டு."

"எந்தப் பக்கம்?"

அவர் பொய் சொல்லவில்லை. ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வளைந்த முதுகைப் பார்த்தபோது ஃபுசாயேவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் தெம்பு வேண்டுமே. கால் மடக்கி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு பாய் அறை, மலை, ஜன்னல் எல்லாம் போயிற்று என்று தோன்றியது. அழுகைகூட வந்தது, கொஞ்சம்தான்.

பிறகு ஈரக் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"நான் வெக்கறேன் எண்ண. என்ன எண்ணுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். போய் அந்த வராந்தாவுல நில்லுங்க."

ஷிகேயோஷி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ஷூ காலிலும் ஒன்று கையிலுமாக இருந்தவர், காலில் இருந்ததைக் கழற்றினார்.

* * *

ஃபுசாயே அறையைச் சாத்திக்கொண்டு மெஷினைத் திறந்தாள். நெகிஷி காட்டியபடி மின்சாரத்தை அணைத்து, சாவியைத் திருகி, பொத்தானை அழுத்தினாள். டக், டக். வெளியே வராந்தாவில் பலகை கிறீச்சிட்டது. மனிதர் காதைக் கதவில் வைத்து டக்கை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் சும்மா ஒரு பதினைந்து முறை அழுத்தினாள். ஆறு தாண்டி ஒன்று, மறுபடி ஆறு தாண்டி ஒன்று.

"திருட்டுக் கழுதை" என்று வெளியே முணுமுணுப்புக் கேட்டது. குரலில் சந்தோஷம் இருந்தது.

அதன் பிறகு ஷிகேயோஷி எழுந்திருக்கவில்லை. காகிதத்தில் கோடு கிழித்துக் கணக்கு வைத்தார். பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் திரும்பி அடுப்படியைப் பார்த்தார்.

"மேனேஜரு மூஞ்சியப் பாத்தே நான் சொல்லிடுவேன், தெரியுமா? பழைய மேனேஜரு மழை பெஞ்சா ரெண்டு வெப்பாரு. பொண்டாட்டியோட சண்டைன்னா எல்லா மெஷினும் ஒண்ணு."

"அப்ப நான் என்ன வெச்சிருக்கேன்?"

"நீயா?" அவர் கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைப் படித்தார். நெற்றி, வாயோரம், கண். "கரி தேச்ச கோவம் இருக்கு. ரெண்டு."

முப்பத்தெட்டு வருஷத்தில் இவர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று ஃபுசாயே எண்ணினாள். அதில் சந்தோஷப்படுவதா துக்கப்படுவதா என்று தெரியவில்லை. மிளகாயை நறுக்கப் போனாள்.

இரண்டரைக்குக் கோசுயே ஒரு முறை சாவியைக் கேட்டு வாங்கினாள். அம்மா போன பிறகு தினமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தானே மாற்றிவிட்டுப் போகலாமே என்பது அவள் கணக்கு. மாற்றிவிட்டு வெளியே வந்தாள். அப்பா அவளை ஒரே ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு."

கோசுயேவின் வாய் திறந்தபடி நின்றது. "எப்படிப்பா?"

"பரீட்சையில கோட்டை விட்டுட்டு மார்க் ஷீட்ட பைக்குள்ள சொருகிட்டு வருவியே, அந்த மூஞ்சி. உன்ன வெச்செல்லாம் கூடம் நடத்த முடியாது." சாவியை வாங்கி மனைவியிடம் நீட்டினார். "நீயே மாத்து. உன் மூஞ்சிதான் சரி. ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

ஃபுசாயே சாவியை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் அது சின்னதாக, வெதுவெதுப்பாக இருந்தது. மகளும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வீட்டை விட்டுப் போகத்தான் ஃபுசாயே இந்த மெஷினை வாங்கினாள். இப்போது அவள் வீட்டில் இருந்தால்தான் மெஷின் வேலை செய்யும்.

"அம்மா" என்றாள் கோசுயே தாழ்ந்த குரலில். "இது இப்படி ஆகும்னு நான் நெனைக்கல."

"நீ என்ன பண்ணுவ. போய்த் துணிய எடு, மழை வரும்போல."

அவள் அறைக்குள் போய் எண்ணை மாற்றிவிட்டு வந்தாள். நான்கு மணிக்கு ஷிகேயோஷி மறுபடி கேட்டார். "ஒரு தரம் மாத்தேன். இது ரெண்டுன்னு எனக்கு உறுதியாயிடுச்சு." வராந்தாவுக்குத் தானே போய் நின்றுகொண்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒழுங்காக.

ஃபுசாயே அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள். மெஷினைத் திறந்தாள். குனிய வேண்டும். முழங்கால் மடங்க மறுத்தது. காலையில் முப்பத்தாறு கிலோ தூக்கியது, சுவர் தேய்த்தது, நூடுல்ஸ், பாத்திரம், எல்லாம் இடுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. அணைக்கவில்லை, திருகவில்லை, எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் படம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்து மெஷின் கதவைச் சாத்தினாள். "ஆச்சு" என்றாள்.

அவர் ஓடிவந்து உட்கார்ந்தார். முதல் சுற்றிலேயே முகம் மாறிற்று. "ஆகா, வேற எண்ணு. உருளை நிக்கற விதமே வேற." காகிதத்தில் புதுக் கோடு கிழித்தார். "இப்பதான் நல்லதா வெச்சிருக்க. அஞ்சா? அஞ்சுதான்."

ஃபுசாயே வாசற்படியில் நின்று அவரைப் பார்த்தாள். எதுவும் மாறவில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. இந்த மனிதருக்கு எண் வேண்டாம், சாவி இன்னொருவர் கையில் இருந்தால் போதும்.

அந்த இன்னொருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

* * *

ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் வழக்கமான மெட்டு கேட்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். ஃபுசாயே சாவி வளையத்தை ஏப்ரன் பையிலிருந்து எடுத்துத் தன் பர்ஸுக்குள் போட்டு மூடினாள். பிறகு போனை எடுத்தாள்.

"நான் கிர்யூவிலேருந்து ஃபுசாயே பேசறேன்மா. ஆமா. ஒண்ணாம் தேதி காலையில வந்துடறேன். முழங்கால் கொஞ்சம் வலி இருக்கு, அத மறைக்கல. நின்னு வேலை செய்வேன். சரிங்க. பனி விழற வரைக்கும். ரொம்ப நன்றிங்க."

விடுதிக்கார அம்மாள் அறையைப் பற்றி ஏதோ கேட்டாள் போல. "எது ஆனாலும் சரி" என்றாள் ஃபுசாயே. பிறகு அவசரமாகத் திருத்தினாள். "இல்ல, மலை தெரியற அறையே குடுங்க."

போனை வைத்தபோது அடுத்த அறையில் மெஷின் ஓடவில்லை. கோசுயே துணிக் கூடையோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணாம் தேதின்னா அடுத்த வியாழன்" என்றார் ஷிகேயோஷி. திரும்பாமல் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார். இந்த வேலையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிற மனிதரா என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள்.

"ஆமாங்க."

"அப்ப யாரு மாத்துவா?"

"யாரும் மாத்த வேணாம். இப்ப என்ன இருக்கோ அதுதான். சாவி என்கூட வருது."

"என்ன இருக்கு?"

"சொன்னா நாளைக்கே தொப்பிய மாட்டிக்குவீங்க."

அவர் வில்லை ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். வாளியில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

"அடுப்பு?"

"காஸ மூடி வெச்சுட்டுத்தான் போவேன். மின்சாரக் குக்கர் இருக்கு. சோறு வடிக்கத் தெரியலன்னா கோசுயேவக் கேளுங்க. இத்தன வருஷம் பஸ் ஓட்டினவருக்கு ஒரு பொத்தான அழுத்தத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். "தெரியும்."

வெளியே மழை தொடங்கியிருந்தது. கோசுயே ஜன்னலைச் சாத்தப் போனாள். ஷிகேயோஷி இன்னும் அந்த வில்லையை விடவில்லை.

"பனி விழுந்தப்புறம்" என்று ஆரம்பித்தார். "அப்புறம் சாவி திரும்பி வருமா?"

கண்ணாடி எங்கே, சோயா சாஸ் எங்கே, காலுறை எங்கே என்று கேட்டிருக்கிறார். எப்போது வருவாய் என்று இதற்கு முன் அவர் கேட்டதாக ஃபுசாயேவுக்கு ஞாபகம் இல்லை. கேட்கவேண்டி வந்ததும் இல்லை, அவள் எங்கும் போனதில்லை.

அவள் பர்ஸின் மூடியைத் தடவினாள்.

ஷிகேயோஷி ஸ்டூலோடு முழுசாகத் திரும்பினார். மத்தியானம் முழுக்கப் பார்த்தாரே, அதே மாதிரி கண்ணைச் சுருக்கி அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி, வாயோரம், கண். விளையாட்டு இல்லை இப்போது. ஃபுசாயே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. அங்கே என்ன எண் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.